ஒட்டுப் போடுகிற உரிமை

மென்பொருளைப் பற்றி எழுதத் தொடங்கினால் எங்கட ஆட்களில் அரைவாசிப் பேர் முதல் பந்தியோடேயே எழும்பிப் போய்விடுவார்கள் என்று தெரியும். மற்ற அரைவாசிப் பேருக்கு அதுதான் தொழில். நியூஜேர்சியிலும் பே ஏரியாவிலும் டெக்சாசிலும் பகல் முழுக்க அதைக் கட்டி மாரடித்துவிட்டு வந்து, இரவிலும் அதையா வாசிக்கிறது என்று கேட்பார்கள். இரண்டு பகுதியிடமும் சொல்வது இதுதான்: கொஞ்சம் பொறுங்கள். இது கொம்பியூட்டர் பாடமில்லை. வேறொருவர் செய்த பொருளைத் திருத்த யாருக்கு உரிமை இருக்கிறது, திருத்தினவருக்கு என்ன பொறுப்பு இருக்கிறது என்ற கேள்வியின் கதை.

1990களின் முதற்பாதியில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு ஒட்டு என்றால் என்னவென்று நான் சொல்லித்தரத் தேவையில்லை. பொருளாதாரத் தடைக் காலம். சைக்கிள் ரியூப்பில் ஒட்டுக்கு மேல் ஒட்டு. பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. மின்சாரம் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். ஜப்பான்காரன் அந்த எஞ்சினை மண்ணெண்ணெய்க்கென்று செய்யவில்லைத்தான். அவனிடம் அனுமதி கேட்டுவிட்டா செய்தோம்?

மென்பொருளிலும் இதே வேலை நடக்கிறது. அதற்குப் பெயர் பேட்ச். தமிழில் ஒட்டு என்றே சொல்லலாம். மனிதர் எழுதுகிற மூலநிரல் வெறும் எழுத்துத்தான். அதைக் கம்பைல் செய்து, இயந்திரம் ஓட்டக்கூடிய வடிவத்துக்குக் கட்டியெடுப்பதை பில்ட் என்கிறார்கள். ஒருவர் எழுதிய மூலநிரலை இறக்கி, கட்டுவதற்கு முன்னர் அதில் எங்களுக்குத் தேவையான திருத்தத்தைச் செருகுவதுதான் ஒட்டுப் போடுவது. முந்திய காலத்தில் துளையிட்ட கடதாசி நாடாவில் நிரல் இருந்தபோது, பிழையான இடத்தை வெட்டி அல்லது மூடி, அதன்மேல் உண்மையாகவே துண்டுக் கடதாசி ஒட்டினார்கள். பெயர் அங்கிருந்து வந்தது.

*

இந்தக் கதையின் முதல் ஊர் நியூஜேர்சியின் மரே ஹில். அங்கேயிருந்த பெல் ஆய்வுகூடத்தில் டக்ளஸ் மக்கில்ராய் என்பவர் 1970களின் முற்பகுதியில் 'டிஃப்' என்ற சிறு நிரலைச் செய்தார். 1974இல் யுனிக்ஸின் 5ஆம் பதிப்போடு அது வெளிவந்தது. ஜேம்ஸ் ஹண்ட் என்பவரோடு சேர்ந்து அதன் கணக்குமுறையை விளக்கி 1976இல் அறிக்கை எழுதினார். இரண்டு கோப்புகளைக் கொடுத்தால், ஒன்றிலிருந்து மற்றது எங்கெங்கே வேறுபடுகிறது என்று வரிவரியாகச் சொல்வதுதான் அதன் வேலை.

இது எங்களுக்குப் புதிய சங்கதி இல்லை. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கி அச்சிட்டவர்கள் இதைப் பிரதிபேதம், பாடபேதம் என்றார்கள். சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அதே 1887இல் உ.வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு வந்தது. ஐயரின் பதிப்புகளில் அடிக்குறிப்பாக ஓடுகிற பிரதிபேதங்களைப் பார்த்தவர்களுக்கு டிஃப் என்ன செய்கிறது என்று உடனே விளங்கும். நான் எடுத்துக்கொண்ட பாடம் இது, மற்றச் சுவடியில் இருந்தது இது, நீயே பார்த்துக்கொள் என்று வாசகனிடம் இரண்டையும் கொடுத்துவிடுகிற நேர்மை அது.

டிஃப் வேறுபாட்டைக் காட்டியது. அந்த வேறுபாட்டை எடுத்து இன்னொருவரின் பிரதியில் தானாகவே செருகுகிற நிரல் பரவலாகக் கிடைக்க 1985ஆம் ஆண்டு மே மாதம் வரை காத்திருக்கவேண்டி வந்தது. தென் கலிபோர்னியாவில் வேலை செய்துகொண்டிருந்த லாரி வால் 'பேட்ச்' என்ற நிரலை எழுதி யூஸ்நெட்டில் எல்லாருக்கும் பொதுவாகப் போட்டார். (பிறகு பேர்ள் மொழியை உருவாக்கினாரே, அதே ஆள்தான்.) அந்தக் காலத்தில் மூலநிரல்கள் மெதுவான தொலைபேசி இணைப்புகளில் ஊர்ந்து போயின. பத்து வரி மாறினதற்காகப் பத்தாயிரம் வரியை அனுப்பினால் கட்டணம் கட்டி மாளாது. மாறின பத்து வரியை மட்டும் அனுப்பினால் போதும் என்றானது பெரிய விசயம்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 120ஆம் வரியை மாற்று என்று மட்டும் எழுதி அனுப்பினால், மற்றவரின் பிரதியில் அந்த வரி 131க்கு நகர்ந்திருக்கலாம். அதனால் மாற்றவேண்டிய வரியோடு அதன் மேலேயும் கீழேயும் உள்ள சில வரிகளையும் சேர்த்து அனுப்பும் வழக்கம் வந்தது. 1981இல் பேர்க்லி பல்கலைக்கழகத்தின் யுனிக்ஸ் வெளியீடு ஒன்றில் டிஃபுக்குச் சேர்த்த வசதி இது. எங்கட ஊரில் வீட்டு இலக்கம் சொல்லியா வழி காட்டினோம்? பிள்ளையார் கோயில் தாண்டி, பொதுக் கிணற்றுக்கு அங்கால, இரட்டைப் பனை நிற்கிற வளவு என்றுதானே சொன்னோம். ஒட்டும் அயலை வைத்தே தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. அயல் கொஞ்சம் நகர்ந்திருந்தால் சமாளிக்கும். ஓரத்து வரி ஒன்றிரண்டு மாறியிருந்தாலும் சமாளிக்கும். அயலே அடையாளம் தெரியாமல் மாறிப்போயிருந்தால், இந்த ஒட்டுக்கு இங்கே இடமில்லை என்று தனிக் கோப்பில் எழுதி ஒதுக்கிவைத்துவிடும். அதன்பிறகு மனிதர்தான் உட்கார்ந்து பார்க்கவேண்டும்.

இதன் பலன் என்னவென்றால், மூலநிரல் கையில் கிடைத்த எவரும், எந்தக் கொம்பனியிலும் கதிரை இல்லாதவரும், தன் திருத்தத்தை உலகத்துக்கு அனுப்பக்கூடியதாக வந்தது.

*

அடுத்த பத்து வருடத்தில் பே ஏரியாவில் நடந்ததைப் பாருங்கள்.

1992 ஜூலையில் வில்லியம் ஜோலிட்ஸ், லின் ஜோலிட்ஸ் தம்பதியர் 386பிஎஸ்டி என்ற இலவச யுனிக்ஸின் 0.1 பதிப்பை வெளியிட்டார்கள். சாதாரண வீட்டுக் கொம்பியூட்டரில் ஓடக்கூடியது. ஆனால் பிழைகள் நிறைய. உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் திருத்தங்கள் அனுப்ப, அவற்றைச் சேர்த்துக் கட்டிய மூட்டைக்குப் பெயரே 'பேட்ச்கிட்'. மூட்டை பெருத்துக்கொண்டே போனது. அடுத்த அதிகாரபூர்வப் பதிப்பு வரவில்லை. கடைசியில் மூட்டையைச் சுமந்த நேட் வில்லியம்ஸ், ரொட் கிரைம்ஸ், ஜோர்டன் ஹபார்ட் ஆகியோர் தனிவழி போனார்கள். 1993இல் பிறந்த ஃப்ரீபிஎஸ்டி அதுதான். ஒட்டுகளைச் சுமந்தவர்களே வீட்டுக்காரர் ஆனார்கள்.

அவர்களில் ஹபார்ட் 1994இல் 'போர்ட்ஸ்' என்ற முறையைத் தொடங்கினார். ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு சிறு அடைவு. அதற்குள்ளே அந்த மென்பொருள் இருக்காது. அதைக் கட்டும் வழிமுறை மட்டும் இருக்கும். மூலம் எங்கே கிடைக்கும், இறக்கின மூலம் அசல்தானா என்று சோதிக்கும் எண், போடவேண்டிய ஒட்டுகள். 'மேக்' என்று ஒரு கட்டளை கொடுத்தால் இறக்கும், சோதிக்கும், விரிக்கும், ஒட்டுப் போடும், கட்டும், நிறுவும். (அந்த 'மேக்'கும் நியூஜேர்சிச் சரக்குத்தான். பெல் ஆய்வுகூடத்தில் 1976இல் ஸ்டூவர்ட் பெல்ட்மன் எழுதியது.) ரெட் ஹாட்டின் ஆர்பிஎம், டெபியனின் மூலப் பொதி எல்லாவற்றிலும் இதே ஒழுங்கைக் காணலாம். மூலத்தில் கை வைக்காதே. மூலம் ஒரு பக்கம், உன் திருத்தம் மறு பக்கம்.

1995இல் இன்னொரு கதை. அன்றைக்கு அதிகமாகப் பாவனையிலிருந்த வலை வழங்கி இலினோய் பல்கலைக்கழகத்து என்சிஎஸ்ஏ நிலையத்தினுடையது. அதை எழுதிய ராப் மக்கூல் 1994 நடுப்பகுதியில் வேலையை விட்டுப் போனார். வழங்கியை நம்பியிருந்தவர்கள் ஆளுக்கொரு ஒட்டை வைத்துக்கொண்டு தவித்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் இருந்த பிரையன் பெலன்டார்பும் கிளிஃப் ஸ்கோல்னிக்கும் இவர்களை ஓரிடத்தில் சேர்த்தார்கள். 1995 பெப்ரவரி முடிவில் எட்டுப் பேர் கொண்ட குழு. ஏப்ரலில் முதல் வெளியீடு. பெயர் அப்பாச்சி. அமெரிக்கப் பழங்குடியினரை மதித்து வைத்த பெயர் என்று பெலன்டார்ப் சொல்லியிருக்கிறார். 'ஒட்டுப் போட்ட வழங்கி' என்ற ஆங்கிலச் சிலேடை என்று அவர்களுடைய பழைய கேள்வி–பதில் பக்கம் சொன்னது. ஒரு வருடத்தில், 1996 ஏப்ரலில், நெட்கிராஃப்ட் கணக்கெடுப்பின்படி என்சிஎஸ்ஏயை முந்திவிட்டது.

*

சரி, இதில் எங்களுக்கென்ன?

2000களில் இணையத்தில் தமிழ் வாசித்தவர்களுக்கு ஞாபகமிருக்கும். பயர்பொக்ஸில் பக்கத்தைத் திறந்தால், இரண்டு ஓரமும் சமப்படுத்திய பந்திகளில் தமிழ் சிதறிக் கிடக்கும். "தயவுசெய்து பந்தியைச் சமப்படுத்தாதீர்கள், வாசிக்க முடியவில்லை" என்று எழுதியவருக்கு மடல் போடுவோம். லினக்ஸில் நிலைமை இன்னும் மோசம். 'பெண்' என்று எழுதினால் ஒற்றைக் கொம்பு பகரத்துக்கு முன்னால் வரவேண்டும். சேமித்த வரிசையில் அது பின்னால்தான் இருக்கும். அதை எடுத்து முன்னால் வைக்கிற வேலையை ஒரு நிரல் செய்யவேண்டும். மொசில்லாவின் தளத்திலிருந்து நேராக இறக்கிய லினக்ஸ் பயர்பொக்ஸில் அந்த வேலை நடக்கவில்லை.

ஆனால் பெடோரா போன்ற விநியோகங்களோடு வந்த பயர்பொக்ஸில் தமிழ் ஒழுங்காக வந்தது. காரணம் ஒரு ஒட்டு. பாங்கோ என்ற எழுத்து அடுக்கும் நிரலைப் பயர்பொக்ஸோடு பொருத்துகிற திருத்தத்தைக் கட்டும்போதே செருகினார்கள். தமிழுக்கு மட்டுமில்லை, தேவநாகரி, வங்காளம் என்று இந்திய எழுத்துகள் எல்லாவற்றுக்குமான ஒட்டு. அது பயர்பொக்ஸை மெதுவாக்கியது. ஆங்கிலம் மட்டும் வாசிக்கிறவர்கள், ஒரு சூழல் மாறியை வைத்துப் பாங்கோவை நிறுத்தினால் வேகம் கூடும் என்று ஒருவருக்கொருவர் புத்தி சொல்லிக்கொண்டார்கள். அவர்களுக்கு அது தேவையில்லாத சுமை. எங்களுக்கு அது இல்லாவிட்டால் வாசிப்பே இல்லை.

2008 ஜூனில் வந்த பயர்பொக்ஸ் 3இல்தான் மொசில்லாவின் சொந்த வெளியீட்டிலேயே இது வந்தது. அதுவரைக்கும் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் யாரோ ஒருவர் அந்த ஒட்டைத் திரும்பவும் பொருத்திப் பார்த்து, பொருந்தாத இடங்களைக் கையால் திருத்திக் கட்டவேண்டியிருந்தது. பில்ட் வேலை பார்க்கிறவர்களைக் கேட்டுப்பாருங்கள், அது எவ்வளவு கரைச்சல் என்று. அந்தக் கரைச்சலைப் பட்டவர்களில் அநேகருக்குத் தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது.

*

இதே காலத்தில் பே ஏரியாவின் மவுண்டன் வியூவில் இருந்த மொசில்லாவுக்கும் டெபியனுக்கும் ஒரு தகராறு வந்தது. பாங்கோ ஒட்டு அதற்குக் காரணமில்லை. ஆனால் கேள்வி ஒன்றுதான்.

டெபியன் தன் பயர்பொக்ஸில் மொசில்லாவின் படச்சின்னத்தைப் போடவில்லை. சின்னத்தின் உரிமம் தங்கள் சுதந்திர விதிகளுக்குப் பொருந்தவில்லை என்றார்கள். 2006இல் மொசில்லா சொன்னது: சின்னம் இல்லாமல் பெயரைப் பாவிக்கக்கூடாது, பெயரைப் பாவிப்பதென்றால் நீங்கள் போடுகிற ஒட்டுகளை எங்களுக்குக் காட்டி அனுமதி பெறவேண்டும். டெபியனின் சிக்கல், பழைய பதிப்பொன்றை வருடக்கணக்காகப் பராமரித்து, பாதுகாப்புத் திருத்தங்களைப் பின்னோக்கிப் பொருத்துவது. ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்க முடியாது. ஆகவே பெயரை விட்டார்கள். 2007 ஏப்ரலில் வந்த டெபியன் 4.0இல் அதே உலாவி ஐஸ்வீசல் என்ற பெயரில் வந்தது.

ஆள் ஒன்று, பாஸ்போட்டில் பெயர் வேறு. எங்கட ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தவா வேண்டும்? :-)

மொசில்லாவின் பக்கத்திலும் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். எவரோ போட்ட ஒட்டினால் உலாவி கெட்டால், பழி பெயருக்குத்தான் வரும். ஆனால் அனுமதி என்பது பெரிய மொழிகளுக்கு ஒரு கிழமை விசயம், சின்ன மொழிகளுக்குப் பல வருட விசயம். எல்லா ஒட்டுக்கும் அனுமதி கேட்டுத்தான் போடவேண்டும் என்றிருந்தால், உலாவியை மெதுவாக்குகிற, தமிழும் வங்காளமும் வாசிக்கிறவர்களுக்கு மட்டும் பயன்படுகிற ஒன்று எந்த வரிசையில் நின்றிருக்கும்? அந்தத் தகராறு தீர்ந்து, பயர்பொக்ஸ் என்ற பெயர் டெபியனுக்குத் திரும்ப 2016 ஆனது.

*

உரிமையைப் பற்றி மட்டும் எழுதிவிட்டுப் போனால் அது அரைக்கதை. மற்ற அரைவாசியையும் சொல்லவேண்டும்.

2006இல் டெபியனில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க மென்பொருளுக்கு ஒரு ஒட்டுப் போட்டார்கள். வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி, தொடக்க மதிப்பில்லாத நினைவகத்தைப் பாவிக்கிறீர்கள் என்று குறை சொன்னது. குறை சொன்ன இடத்தில் இரண்டு வரிகளை எடுத்துவிட்டார்கள். அந்த வரிகளில் ஒன்றின் வழியாகத்தான் சாவிகளை உருவாக்கத் தேவையான எழுந்தமானத் தன்மை முழுக்க உள்ளே போய்க்கொண்டிருந்தது. அதை எடுத்ததும் மிஞ்சினது செயல்முறை இலக்கம் மட்டும். அதிகபட்சம் 32,768. அதாவது, கோடானுகோடியில் ஒன்றாக இருக்கவேண்டிய சாவி, முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒன்றானது. டெபியனிலும் அதை அடியாகக் கொண்ட உபுண்டுவிலும் 2006 செப்ரெம்பரிலிருந்து உருவாக்கிய சாவிகள் இப்படி. 2008 மே 13இல் விசயம் வெளியே வந்தபோது, உலகம் முழுக்க வழங்கிப் பராமரிப்பாளர்கள் சாவிகளைத் தேடித்தேடி மாற்றினார்கள்.

இதில் சதி இல்லை. ஒளிப்பும் இல்லை. திருத்தம் எல்லார் கண்ணுக்கும் முன்னால் கிடந்தது. ஆனால் டெபியன் செய்த மாற்றங்கள் எல்லாம் ஒரே பெரிய டிஃப் கோப்பாகக் குவிந்திருந்த முறை அது. அந்தக் குவியலுக்குள் இரண்டு வரியை யார் தேடிப் பார்ப்பார்? ஒவ்வொரு ஒட்டும் தனிக் கோப்பாக, வரிசை இலக்கத்தோடு, காரணம் எழுதி இருக்கும் முறை டெபியனில் பிறகுதான் பரவலானது.

2024இல் நடந்தது வேறு வகை. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில், 'ஜியா டான்' என்ற பெயரில் யாரோ இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக ஒட்டுகள் அனுப்பி, நம்பிக்கை பெற்று, பராமரிப்பாளராகவே ஆனார். பிறகு 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைத்தார். எப்படி? பொதுவில் எல்லாரும் பார்க்கிற களஞ்சியத்தில் இல்லாத சில வரிகள், வெளியீட்டுப் பொதியின் கட்டுமான எழுத்துக்குள் மட்டும் இருந்தன. டெபியன் பொதியோ ஆர்பிஎம் பொதியோ கட்டுகிறபோது அவை விழித்துக்கொண்டு, சோதனைக் கோப்பு என்ற போர்வையில் கிடந்ததை எடுத்து நிரலுக்குள் செருகின. கட்டும்போதே போடப்பட்ட கள்ள ஒட்டு!

இன்னொன்று. இலக்கு ஓப்பன்எஸ்எஸ்எச். ஆனால் மூல ஓப்பன்எஸ்எஸ்எச் எக்ஸ்இசட்டைத் தொடுவதேயில்லை. டெபியன் போன்ற சில விநியோகங்கள் சிஸ்டம்டியோடு இணைப்பதற்காகப் போட்டிருந்த ஒட்டின் வழியாகத்தான் அது உள்ளே வந்தது. நல்லெண்ணத்தில் போட்ட ஒட்டு கள்ளனுக்கு வாசலானது.

சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிற ஆன்ட்ரஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியியலாளர், உள்நுழைவு அரைச் செக்கன் அளவில் தாமதமாவதைக் கவனித்துத் தோண்டினார். சில கிழமைகளுக்கு முன் வால்கிரைண்ட் விநோதமாக முறைப்பாடு செய்ததும் அவருக்கு ஞாபகம் வந்தது. 2024 மார்ச் 29இல் பகிரங்கப்படுத்தினார். நிலையான பதிப்புகளுக்குப் பரவுமுன் பிடிபட்டது. 2006இல் அதே கருவி குறை சொன்னபோது, குறை சொன்ன வரியை எடுத்து வாயை மூடினார்கள். 2024இல் ஒருவர் ஏன் குறை சொல்கிறது என்று தேடினார். அவ்வளவுதான் வித்தியாசம்.

*

ஆகவே நான் சொல்ல வருவது: ஒட்டுப் போடுகிற உரிமையும் அதைக் காட்டுகிற கடமையும் இரட்டைப் பிள்ளைகள். அனுமதி கேளாமல் திருத்தலாம். என்ன திருத்தினேன், ஏன் திருத்தினேன் என்று மூலத்துக்குப் பக்கத்தில் எழுதிவைக்கவேண்டும். இரண்டாவது இல்லாத இடத்தில் முதலாவது ஆபத்து. முதலாவது இல்லாத இடத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு வாசலே இல்லை.

மூன்றாவதாகவும் ஒன்று இருக்கிறது. அதில் நாங்கள் கொஞ்சம் பின்னுக்கு. 1990களில் புலம்பெயர்ந்த பத்திரிகைகளும் சங்கங்களும் பாமினி என்றும் வேறு பெயர்களிலும் ஆளுக்கொரு எழுத்துரு முறை வைத்திருந்தன. அந்த நேரத்துக்கு அது தேவையான ஒட்டு. அது இல்லாவிட்டால் ஒரு நோட்டீஸ்கூட அடித்திருக்க முடியாது. ஆனால் யூனிகோட் வந்து கனகாலத்துக்குப் பிறகும் அதையே சுமந்தோம். இன்றைக்கு அந்த மலர்களையும் அறிக்கைகளையும் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது. மாற்றி நிரல் இருந்தால் வாசிக்கலாம். எந்த எழுத்துரு என்று தெரியாவிட்டால் அதுவும் இல்லை. ஒட்டைத் தன் பையிலேயே வைத்திருப்பவர் ஒவ்வொரு பதிப்புக்கும் அதைத் திரும்பத் திரும்பச் சுமக்கவேண்டும். சுமக்க ஆள் இல்லாத நாளில் அது செத்துப்போகும். மூலத்துக்குள் போனதுதான் நிலைக்கும்.

டெபியனில் ஒட்டுக் கோப்பின் தலைப்பில் என்னென்ன எழுதவேண்டும் என்று ஒரு வழிகாட்டி இருக்கிறது. விளக்கம், எழுதியவர் பெயர், எங்கிருந்து எடுத்தது என்பவற்றோடு இன்னொரு வரியும் உண்டு: இதை மூல ஆசிரியருக்கு அனுப்பியாகிவிட்டதா?

தமிழுக்கென்று ஏதாவது திருத்தம் வீட்டுக் கணினியில் செய்து வைத்திருக்கிறவர்கள், எழுத்துருவோ அகராதியோ விசைப்பலகையோ எதுவாக இருந்தாலும், அந்த வரிக்கு என்ன பதில் எழுதுவீர்கள் என்று ஒருக்கால் யோசியுங்கள். 'இல்லை' என்றால், இந்தச் சனி ஞாயிறில் அனுப்பிவிடுங்கள்.